மூன்று வருடமாகப் பாவிக்கும் என் புத்தக ஸ்கிரேப்பர்

எங்கள் சனசமூக நிலையத்தில் ஐந்து அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒழுங்கான பட்டியல் போடத்தான் இந்த ஸ்கிரேப்பரை, அதாவது இணையப் பக்கங்களிலிருந்து விபரங்களைத் தானாக எடுக்கும் பைதான் நிரல் தொகுப்பை எழுதினேன். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் ஒரு பெரிய புத்தகத் தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றையும் எடுத்துத் தரும். அந்தத் தளம் வெளியாருக்கு ஏபிஐ, அதாவது நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறும் வழி, தருவதில்லை. பக்கத்தின் மூல வடிவமான எச்டிஎம்எல்லைப் பிரித்து எடுப்பதைவிட வேறு வழி தெரியவில்லை.

முதல் வருடம் சரியான கரைச்சல். எச்டிஎம்எல்லைப் பிரிக்கும் பியூட்டிஃபுல் சூப் என்ற கருவியில், பக்கத்தின் பகுதிகளுக்குத் தளம் வைத்திருக்கும் கிளாஸ் பெயர்களை வைத்துத் தேடியிருந்தேன். தளத்தின் தோற்றம் மாறினால் போச்சு. பிழைச் செய்திகூட வராது, கட்டம் வெறுமையாக நிற்கும். பட்டியலைப் பார்க்கிற அண்ணைதான் கூப்பிட்டுச் சொல்லுவார், "தம்பி, திரும்பவும் பேர் வரேல்லை." பிறகுதான் தேடுபொறிகளுக்கென்று பக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கும் ஜேசன்-எல்டி என்ற ஒழுங்குபடுத்திய தரவுத் துண்டைக் கவனித்தேன். அதிலிருந்து எடுக்கத் தொடங்கியபின் இரண்டே இரண்டு தடவைதான் உடைந்தது. இதைத் தொடங்குகிறவர்கள் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது தமிழ்தான். பதிப்பித்த இடங்களின் வரிசையில் 'கொழும்பு' இரண்டு தரம் வந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எழுத்து எழுத்தாகக் குறியீட்டெண்ணை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாக இருந்தது, மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. எழுத்துகளுக்குக் குறியீட்டெண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டும் செல்லும். பிரிந்திருக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்த ஒரு வரிக்கு இரண்டு கிழமை போனது.

2007க்கு முந்திய புத்தகங்களில் ஐஎஸ்பிஎன் பத்து இலக்கம்தான். அதை இப்போதைய பதின்மூன்று இலக்கமாக்க முன்னால் 978 போட்டால் மட்டும் போதாது, கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும். 955, 624 என்ற இலங்கை எண்களோடு வரும் புத்தகங்களுக்குத் தளத்தில் பெரும்பாலும் விபரமே இருக்காது. எண்ணே இல்லாத பழைய யாழ்ப்பாணப் பதிப்புகளை 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்தில் தேடிக் கையால் பதிகிறோம். அதுவும் நல்ல வேலைதான், அட்டையைப் புரட்டிப் பார்க்க ஒரு சாட்டு.

எடுத்ததை எல்லாம் உடனுக்குடன் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் சேமிக்கிறேன். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம், ஒரே பக்கத்தைத் திரும்பக் கேட்கவும் தேவையில்லை. நிரல்கள் எந்தப் பக்கங்களுக்குப் போகக்கூடாது என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்த பக்கங்களைத் தொடுவதில்லை. போன மாதம் இன்னும் இரண்டு வாசிகசாலைகள் கேட்டன, கொடுத்தேன். கோரிக்கைகளுக்கு இடையில் விட்டிருக்கும் ஐந்து செக்கனை மட்டும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.