கோத்தகிரிக் குளிரில் சுகர் ஸ்ட்ரிப்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டில் அத்தைக்குக் காலையும் இரவும் இன்சுலின். எனக்குச் சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. வீட்டிலேயே சுகர் பார்க்கிற மீட்டர் ஒன்றுதான், விரலில் குத்தும் பேனா மட்டும் ஆளுக்கு ஒன்று. மீட்டரில் செருகி ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப்களை, நாலைந்து கம்பெனியுடையதை, பல வருடமாக இந்த நீலகிரி மலையில் வைத்துப் பயன்படுத்தி வருகிறோம். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மீட்டர் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான். ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை, அதில் எத்தனை வீணாகிறது, இந்த இரண்டும்தான் மாதச் செலவு. கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணிக்கு முதல் கணக்கு போதும். மேலே இருக்கிற நமக்கு இரண்டாவது கணக்கு பெரிது.

காப்பீட்டை நம்பி யாரும் உட்கார வேண்டாம். சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசி, பொதுவாக ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது படுத்தால்தான் பணம் தரும். வீட்டில் தினமும் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்புக்குத் தராது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். ஓ.பி. செலவுக்கென்று கூடுதல் பிரீமியம் வாங்கும் பாலிசிகள் உண்டு. அதை எடுப்பதாக இருந்தால் "ஸ்ட்ரிப் சேருமா, சேராதா" என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் விசாரித்த இடத்தில் டாக்டர் ஃபீஸும் மருந்தும் என்று சொன்னார்கள், ஸ்ட்ரிப் என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அத்தையைக் கால் புண்ணுக்காக கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டிஸ்சார்ஜ் பில்லில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் அந்தத் தொகையைக் கழித்துவிட, அது எங்கள் தலையில் விழுந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலைத் தேடிப் படித்தேன். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்க வேண்டிய பொருள்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து பில்லிங் கவுன்ட்டரில் வைத்ததும் அந்தத் தொகையை நீக்கினார்கள். உங்கள் வீட்டில் யாரையாவது அட்மிட் செய்தால், பணம் கட்டுவதற்கு முன்பே பில்லில் இப்படித் தனித் தொகை இருக்கிறதா என்று தேடுங்கள்.

வரியில் கிடைக்கிற சலுகையையும் விட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்கே கொடுக்கிற கடைகளைப் பார்த்தேன், கேட்டால் குறைக்கிறார்கள். 60 வயதைத் தாண்டிய உங்கள் அப்பா அம்மாவுக்கோ, கணவன் மனைவிக்கோ எந்த மருத்துவக் காப்பீடும் இல்லை, நீங்கள் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால், அவருடைய மருத்துவச் செலவை வருமானத்தில் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. நான் மெடிக்கல் ஷாப்பில் ஜிபேயில்தான் கட்டுகிறேன், பில்லை ஒரு கவரில் சேர்க்கிறேன்.

விலைக்கு வருகிறேன். அக்யு-செக் ஆக்டிவ், ஒன்டச் செலக்ட் ப்ளஸ் போன்றவற்றின் ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய் வாக்கில் வருகிறது. டாக்டர் மோர்பென் பிஜி-03 பத்து ரூபாய் வாக்கில். இன்சுலின் போடுகிறவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு என்றால் மாதம் 60 ஸ்ட்ரிப். ஒரு பக்கம் ஆயிரத்து இருநூறு, இன்னொரு பக்கம் அறுநூறு. தேயிலை பறித்துக் கூலி வாங்குகிற குடும்பத்தில் இந்த வித்தியாசம் ஒரு வார மளிகை. கடையில் "மீட்டர் ஆஃபர்ல இருக்குக்கா, எடுத்துக்கோங்க" என்பார்கள். ஒரு மீட்டரில் இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் போகாது. எனவே 50 ஸ்ட்ரிப் டப்பா என்ன விலை, அது நம் ஊர்க் கடையில் எப்போதும் இருக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் மீட்டரைத் தொட வேண்டும்.

மலிவு ஸ்ட்ரிப் சரியாகக் காட்டுமா என்கிற பயம் எனக்கும் இருந்தது. ஐ.எஸ்.ஓ. 15197 என்கிற 2013ஆம் ஆண்டுத் தர விதி, சுகர் 100க்கு மேலே இருக்கும்போது நூற்றுக்கு 95 அளவுகளாவது லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 100க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். அட்டைப்பெட்டியில் இந்த எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நீங்களே ஒரு முறை சோதியுங்கள். லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில், அங்கேயே உட்கார்ந்து உங்கள் மீட்டரிலும் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டால் விரல் ரத்தம், லேபில் கை நரம்பில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாகக் காட்டும். அதை வைத்து மீட்டரைக் குறை சொல்லக் கூடாது. நாங்கள் இப்போது வைத்திருக்கும் மலிவு மீட்டர் இந்தச் சோதனையில் ஒவ்வொரு முறையும் தேறியிருக்கிறது.

இனி குளிர். டிசம்பர், ஜனவரி விடிகாலையில் அடுக்களை அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்தால் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். ஸ்ட்ரிப்பைச் செருகினால் திரையில் தெர்மாமீட்டர் படமோ, ஒரு எழுத்தும் எண்ணுமோ வரும். பெரும்பாலான மீட்டர்கள் 8 அல்லது 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. அது மீட்டரோடு வரும் தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. நாங்கள் செய்வது இதுதான்: மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் பையோடு அத்தையின் ஸ்வெட்டர் பாக்கெட்டில் கால் மணி நேரம் வைத்துவிடுவோம். அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் மேலோ வைப்பது கெடுதல். ஸ்ட்ரிப் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பட்டன் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், ஒன்று உபரியாக இருக்கட்டும்.

மீட்டர் சூடானாலும் விரல் சூடாக வேண்டுமே. "ரத்தமே வரமாட்டேங்குது, விடும்மா" என்று அத்தை கையை இழுத்துக்கொள்வார். குளிரில் விரல் நுனிக்கு ரத்தம் வருவது குறைந்துவிடும். நுனியைப் பிடித்துப் பிதுக்கினால் திசு நீரும் சேர்ந்து வந்து அளவு தப்பும், அல்லது சொட்டு பத்தாமல் எரர் வந்து ஸ்ட்ரிப் போய்விடும். பத்து ரூபாய் ஸ்ட்ரிப் இரண்டு வீணானால் அது முப்பது ரூபாய் ஸ்ட்ரிப். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவிவிட்டு, நுனியின் பக்கவாட்டில் குத்தினால் ஒரே சொட்டில் முடிகிறது. பக்கவாட்டில் வலியும் குறைவு. கான்டூர் ப்ளஸ் மீட்டரில் ரத்தம் போதாவிட்டால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு சொட்டு வைக்கச் சில நொடி அவகாசம் உண்டு. கை எப்போதும் சில்லிட்டே இருக்கும் வயதானவர்கள் வீட்டில் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

கை கழுவுவதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரிக்காயோ பிளம்ஸோ நறுக்கிய கையோடு பார்த்தால் விரலில் ஒட்டிய பழச்சாறே அளவை ஏகத்துக்கும் ஏற்றிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் ஆபத்து.

உயரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தால் சில வகை ஸ்ட்ரிப்களில் அளவு மாறும் என்பது உண்மைதான். ஆனால் நான் வாங்கிய ஸ்ட்ரிப்களின் தாள்களில் 3,000 மீட்டர் வரையோ அதற்கு மேலோ பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கிறது. ஊட்டியே 2,240 மீட்டர்தான், தொட்டபெட்டா உச்சி 2,637. பயம் வேண்டாம்.

குளிரைவிட ஈரம் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மப்பு போட்டால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். துணி காயாது, உப்பு நீர்த்துவிடும், அதே காற்றுதான் ஸ்ட்ரிப் டப்பாவுக்குள்ளும் போகிறது. டப்பாவிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே மூடியை 'டக்'கென்று சத்தம் வருகிற வரை அழுத்த வேண்டும். வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. திறந்த பிறகு சில கம்பெனி ஸ்ட்ரிப்களுக்கு மூன்று மாதம்தான் ஆயுள், சிலவற்றுக்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு எக்ஸ்பைரி தேதி வரை. திறந்த தேதியை டப்பாவின் மேலேயே எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் பார்க்கிறவருக்கு, விலை குறைவு என்று மூன்று மாத ஆயுள் ஸ்ட்ரிப்பில் 50 உள்ள டப்பா வாங்குவது நஷ்டம்; பாதி தீரும்போதே காலம் முடிந்துவிடும். 25 ஸ்ட்ரிப் உள்ள டப்பா போதும், அல்லது ஒவ்வொன்றும் தனி ஃபாயிலில் வருகிற ஸ்ட்ரிப்.

ஆன்லைனில் விலை குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் பார்சல் மேட்டுப்பாளையத்து வெயிலில் வண்டிக்குள் கிடந்து வரும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் எப்போது மேலே ஏறும் என்றே சொல்ல முடியாது. நான் பனிக்காலத்தில் மட்டும் ஆர்டர் போடுகிறேன். வந்ததும் டெலிவரி தம்பி கிளம்புவதற்குள் எக்ஸ்பைரியையும் சீலையும் பார்த்துவிடுகிறேன். ஒரு முறை சீல் விட்டுப்போன டப்பா வந்தது, போட்டோ எடுத்து அனுப்பி பணத்தைத் திரும்ப வாங்கினேன். யாரோ மிச்சம் வைத்தது, திறந்தது, தேதி போனது என்று பாதி விலைக்குக் கிடைப்பதைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்ட்ரிப்புக்கான பணத்தை நான் மாத்திரையில்தான் மிச்சம் பிடிக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். அங்கே இல்லாத மருந்துக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரி 24 முதல் முதல்வர் மருந்தகமும் இருக்கிறது. என் டாக்டரிடம் பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரையே எழுதச் சொல்லிக் கேட்டேன், மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்.

இலவசமாகப் பார்க்க முடிகிற இடத்தில் நம் ஸ்ட்ரிப்பை ஏன் செலவழிக்க வேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பார்க்கக் காசு கிடையாது. மாத்திரையில் மட்டும் இருந்து, அளவும் நிலையாக இருப்பவர்கள் தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை என்று என் டாக்டர் சொன்னார். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் லேப் டெஸ்ட்), மருந்து மாறும்போதும் காய்ச்சல் வரும்போதும் விரல் குத்து. ரத்தசோகை உள்ளவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தால் ஹெச்.பி.ஏ.1.சி. கூடுதலாகக் காட்டக்கூடும். தேயிலைத் தோட்டப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்களை எனக்கே நிறையத் தெரியும்.

ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள், கிளைமிபிரைடு மாதிரி சுகரைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஸ்ட்ரிப்பில் சிக்கனம் பிடிக்கவே கூடாது. எங்கள் தெருவிலிருந்து சந்தைக்கு இறங்கிப் பையோடு ஏறி வந்தால் அதுவே பெரிய உடற்பயிற்சி. ஒரு நாள் அத்தை படியில் உட்கார்ந்து, நெற்றியெல்லாம் வேர்த்து, அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைந்திருந்தது. மீட்டரில் 58. 70க்குக் கீழே போனால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். அன்றைக்கு அந்த இரண்டு ஸ்ட்ரிப் வீட்டில் இருந்தது. அதன் பிறகு டப்பாவில் பத்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுகிறேன். மழையில் ரோடு அடைபட்டால் கோத்தகிரிக் கடைகளில் முதலில் தீர்வது இதுதான்.

ராத்திரி சுகர் தாழ்கிறதா என்று சந்தேகம் இருந்தால் கையில் ஒட்டிக்கொண்டு சுகரை விடாமல் அளக்கிற சென்சாரை ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். 14 நாள் ஓடும், ஐயாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும். மாதா மாதம் எங்களால் முடியாது. ஆனால் அந்தப் பதினான்கு நாள் கிராஃபைப் பார்த்துத்தான் டாக்டர் அத்தையின் ராத்திரி டோஸைக் குறைத்தார். இப்போது காலை வெறும் வயிற்றில் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் மட்டும் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று ஓடுகிறது.

இன்சுலினை இலவசமாகத் தருகிற அரசு, அதைப் பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ளத் தேவையான ஸ்ட்ரிப்பையும் அதே பையில் வைத்துத் தர வேண்டும். மாத்திரை கொண்டு வருகிற அக்காவிடம் இதைச் சொன்னபோது, "எழுதிக் கொடுங்க, மேல சேர்த்துடறேன்" என்றார். எங்கள் தெருவில் இன்சுலின் போடுகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிராம சபையிலும் வைக்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் எழுதிக் கொடுங்கள்.