மெக்டவலா, யாடோவா?

காட்டுக்குள் உட்கார்ந்து எழுதவோ வரையவோ இடம் தேடுபவர்களுக்கு அமெரிக்காவில் பழைய ரெசிடென்சிகள் (கலைஞர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்யும் இடங்கள்) இரண்டு உண்டு, இரண்டிலும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குவதில்லை, விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான்.

நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மெக்டவல் 1907-இல் தொடங்கியது. மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி ஆளுக்கொரு ஸ்டுடியோ. மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். உள்ளே மரப்பலகைகளில் உங்களுக்கு முன்பு அங்கே வேலை செய்தவர்களின் கையெழுத்து வரிசையாக இருக்கும் (பெயர்களைப் படித்தால் கொஞ்சம் உதறத்தான் செய்யும்).

நியூயார்க் மாநிலத்தின் யாடோ வேறு ரகம். சுமார் 400 ஏக்கர், நடுவில் பெரிய மாளிகை, முதல் விருந்தினர்கள் வந்தது 1926-இல். காலை 9 முதல் மாலை 4 வரை அமைதி நேரம், யாரையும் போய்ப் பார்க்கக் கூடாது, மதியச் சாப்பாட்டையும் முன்பே டப்பாவில் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1959-இல் இங்கே தங்கி எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே சரடோகா குதிரைப் பந்தய மைதானம், அதனால் கோடையில் ஊரில் கூட்டம் அள்ளும்.

பியானோவோடு மல்லுக்கட்டும் இசையமைப்பாளர் என்றால் யோசிக்காமல் மெக்டவல். தனியே விட்டால் நாள் முழுக்கத் தூங்கிவிடும் எழுத்தாளரா? சரி, யாடோவுக்கே விண்ணப்பம் போடுங்கள்.