புது கடல்நீர்த் தொட்டியில் மீன்: நேராக விடுவதா, தனியே வைத்து விடுவதா?

போன வருடம் 200 லிட்டரில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். லைவ் ராக் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல்) போட்டு ஆறு வாரம் மீனே இல்லாமல் ஓடவிட்டு, மீனுக்கு விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன் வாங்கச் சென்னைக் கொளத்தூர் போனேன். கொண்டுவந்த பையை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அன்றே உள்ளே விடுவது ஒன்று. நோய் இருக்கிறதா என்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுவது இன்னொன்று. முதல் வழியில் அடிபட்டுத்தான் நான் இரண்டாவதுக்கு வந்தேன்.

நேராக விடுவதில் செலவு இல்லை, மீனுக்கும் ஒரே ஒரு இடமாற்றம்தான். முதலில் விட்ட இரண்டு க்ளவுன் மீனும் நன்றாகவே இருந்தன.

அடுத்து வந்தது கோரல் பியூட்டி என்ற ஒரு ஏஞ்சல் மீன். பத்தாம் நாள் துடுப்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. நாலு நாளில் மறைந்துவிட்டது, சரி, போய்விட்டது என்று நினைத்தேன். எங்கே போனது? அந்தப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி, மீனை விட்டு இறங்கி மணலிலும் கல்லிலும் கூடு கட்டிப் பெருகிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் மூன்று மீனுக்கும் வந்தது. செப்பு மருந்து கேட்கும், ஆனால் அதை அந்தத் தொட்டியில் ஊற்ற முடியாது. இறால், பவளம் எல்லாம் செத்துவிடும், கல்லும் செப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மீன்களை வெளியே எடுத்து வைத்தியம் பார்த்து, ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகும்வரை பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுவதுதான் வழக்கமான வழி. க்ளவுனைப் பிடிக்கக் கல் மொத்தத்தையும் வெளியே எடுத்தேன். ஏஞ்சல் பிழைக்கவில்லை. எந்தத் தனித் தொட்டி வீண்செலவு என்று நினைத்தேனோ, அதையே அன்று ராத்திரி அவசரமாக வாங்கினேன்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. 40 லிட்டர் வெறும் தொட்டி, மணலும் கல்லும் கிடையாது, ஒளிய இரண்டு பிவிசி எல்போ, ஒரு மாதம் பெரிய தொட்டியின் சம்ப்பில் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) கிடந்து பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். சின்னத் தொட்டி என்பதால் அமோனியா சட்டென்று ஏறும், தினமும் பார்க்க வேண்டும். இன்னொரு வசதி, கடைத் தண்ணீரின் உப்பு அளவு (ஒப்படர்த்தி) பெரும்பாலும் 1.020 பக்கம் இருக்கும், என்னுடையது 1.025. தனித் தொட்டியைப் பையின் அளவுக்கே கலந்து வைத்து, அப்புறம் நாலைந்து நாளில் மெல்ல ஏற்றலாம். விமானத்தில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த பை என்றால் இது ரொம்ப முக்கியம்: பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், உள்ளே சேர்ந்திருக்கும் கழிவு அப்போதுதான் விஷமாகும், அந்தத் தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் சொட்டு விட்டுக்கொண்டிருப்பது மீனை வதைப்பதுதான். போதாக்குறைக்கு, புதுத் தொட்டிக்கு மீனுக்கு மீன் இடைவெளி வேண்டும், அதற்கேற்பப் பாக்டீரியா பெருக வேண்டுமே. இந்த நாலு வாரம் அதையும் பார்த்துக்கொள்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நான் மருந்தை முன்கூட்டியே போடுவதில்லை, புள்ளி தெரிந்தால் மட்டும்தான். செவுளுக்குள் ஒளிந்திருப்பது இப்படியும் தப்பலாம். மாண்டரின் போல கல்லில் ஊரும் சின்னஞ்சிறு உயிர்களையே கொத்தித் தின்னும் மீனை நான் வளர்த்ததில்லை, வெறும் தொட்டியில் அது பட்டினி கிடக்கும் என்று நேராக விடுகிறவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

இப்போது தனித் தொட்டியில் ஒரு ஃபயர்ஃபிஷ், இன்று பதினோராம் நாள். குதிக்கும் ஜாதி என்பதால் மேலே கொசுவலை கட்டியிருக்கிறேன்.