தங்குகடல் படகா, நாலு சென்ட் வீடா? விண்வெளிக் குடியிருப்புகள் ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்துத் தூத்தூரிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும் தங்குகடலுக்குப் போகும் விசைப்படகுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மாதம், சில வேளை அதற்கும் மேலாக இருந்துவிட்டு வருகிறார்கள். அதிலேயே சமைக்கிறார்கள், உறங்குகிறார்கள், உடம்புக்கு முடியாதவரைக் கவனித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் எங்கள் கடற்கரையில் படகை யாரும் வீடு என்று சொல்வதில்லை. பூமியைச் சுற்றிவரும் மனிதக் குடியிருப்புகளுக்காகப் போடப்பட்ட திட்டங்களை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஒரு குழந்தை நடை பழகவும், ஒரு பாட்டி காலூன்றி நடக்கவும் முடிந்தால் அது வீடு. மற்றவை படகுகள்.

இப்போது இருப்பவற்றில் மிகப் பெரிய படகு சர்வதேச விண்வெளி நிலையம். 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் இருந்ததில்லை. எடை சுமார் 420 டன், அகலம் 109 மீட்டர். வழக்கமாக ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் புழங்கும் இடம் 388 கன மீட்டர். சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்து, நீரில் 98 சதவீதத்தை மீட்டெடுக்கும் நிலையை 2023இல் எட்டினார்கள். இது பெரிய சாதனை. கன்னியாகுமரியில் ஒரே கரையில் நின்று சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பார்க்கலாம் என்று ஊர் ஊராக வருகிறார்கள்; அந்த நிலையத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்குப் பதினாறு உதயம், பதினாறு அஸ்தமனம்.

ஆனால் அங்கே உடம்புக்கு எடை இல்லை. தகுந்த உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதமோ அதற்கும் மேலோ குறைகிறது. அதைத் தடுக்க ஒவ்வொருவரும் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ரஷ்யாவின் மீர் நிலையத்தில் 1994-95இல் வலேரி பொல்யாகோவ் தொடர்ந்து 437 நாள் இருந்து திரும்பினார்; பயிற்சி பெற்ற, உறுதியான மனிதரால் அது முடிந்தது. எடையற்ற நிலையில் இதுவரை எந்தக் குழந்தையும் வளர்ந்ததில்லை. 2025இல் சுபான்ஷு சுக்லா அந்த நிலையத்தில் 18 நாள் தங்கியபோது நானும் மகிழ்ந்தேன். அவர் போனது வேலைக்கு, குடியேற அல்ல. 2035க்குள் முடிக்கத் திட்டமிட்டிருக்கும் நம் பாரதிய அந்தரிக்ஷ் நிலையமும், ஐந்து பகுதிகளை இணைத்துக் கட்டும் இதே வகைப் படகுதான்.

இதற்குப் போட்டியாக ஊதிப் பெருக்கும் கூடங்கள் இருக்கின்றன. மடித்துக் கொண்டுபோய், மேலே காற்றை நிரப்பி விரிப்பார்கள். 2016இல் சர்வதேச நிலையத்தோடு இணைத்த பீம் என்ற சிறு கூடம் 16 கன மீட்டர்தான். எடை ஒன்றரை டன்னுக்கும் குறைவு. ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய அறை வேண்டும் என்றால் உலோகக் குழாயைவிட இதுவே சிக்கனம். இடம் கூடும். உள்ளே இருப்பவர்களின் உடம்புக்கு எடை வராது. ஆகவே இதுவும் படகுதான், கொஞ்சம் பெரிய படகு.

எடை வேண்டுமென்றால் சுழல வேண்டும். கிணற்றில் நீர் இறைத்த வாளியைக் கயிற்றோடு வேகமாகச் சுற்றினால் நீர் சிந்தாமல் அடியில் அழுந்தி நிற்கிறதே, அதே சங்கதி. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் பூமியில் உள்ள அளவு எடைக்கு 894 மீட்டர் ஆரம் தேவை. இரண்டு சுற்று என்றால் 224 மீட்டர். நான்கு சுற்று என்றால் 56 மீட்டர் போதும். சிறிதாகக் கட்டினால் செலவு குறையும், தலைசுற்றல் கூடும். சுழல் குடியிருப்பு வடிவங்களுக்குள் உள்ள போட்டியே இந்த இழுபறிதான். மனிதர் வாழும் அளவில் இதுவரை யாரும் கட்டிப் பார்த்ததில்லை. 1966இல் ஜெமினி 11 விண்கலத்தை இன்னொரு கலத்தோடு வாரால் கட்டிச் சுழற்றியதில் மிகச் சிறிய எடை உண்டானது, அவ்வளவே.

தாளில் உள்ளவற்றில் மிகவும் புகழ்பெற்றது 1975இல் நாசா ஆதரவில் நடந்த கோடைகால ஆய்வில் பிறந்த ஸ்டான்ஃபோர்டு வளையம். 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம், பத்தாயிரம் பேர், நிமிடத்துக்கு ஒரு சுற்று. வளையக் குழாயின் விட்டம் 130 மீட்டர். அய்யன் திருவள்ளுவர் சிலைகள் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் கூரையைத் தொடாது. படங்களைப் பார்த்தால் ஆறும் மரமும் மாடி வீடுமாக மனத்தை இழுக்கிறது. கணக்கைப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 67 சதுர மீட்டர் நிலம், அதாவது ஒன்றரைச் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நிலத்தைச் சென்ட்டில் அளந்தே பழகிய குமரி மாவட்டத்துக்காரருக்கு இது நெருக்கடி என்று உடனே புரிந்துவிடும்.

நிலத்தைவிடப் பெரிய சிக்கல் எடை. சுமார் ஒரு கோடி டன். அதில் பெரும்பகுதி கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம். இந்த வளையத்தை நிலவு இருக்கும் அளவு தொலைவில், பூமியின் காந்தப்புலப் பாதுகாப்புக்கு வெளியே வைக்கத் திட்டமிட்டதால் வந்த வினை அது. அவ்வளவு மண்ணையும் நிலவில் தோண்டி எறிந்தாக வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பு, 1974இல், இயற்பியலாளர் ஜெரார்டு ஓநீல் முன்வைத்த இரட்டை உருளைகள் இன்னும் பெரியவை. பின்னர் அவர் விரித்த வடிவத்தில் நீளம் 32 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து தக்கலையை நெருங்கும் தூரம். என் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கான யோசனை என்று அதை வைத்துவிடுகிறேன்.

நான் அதிக நேரம் செலவிட்டது கல்பனா ஒன்று என்ற வடிவத்தோடு. 2003இல் கொலம்பியா விண்கல விபத்தில் உயிரிழந்த கல்பனா சாவ்லாவின் பெயரை இதற்கு வைத்தவர்கள் ஆல் குளோபஸும் அவரோடு பணியாற்றியவர்களும். சுழலும் உருளை: 250 மீட்டர் ஆரம், 325 மீட்டர் நீளம், மூவாயிரம் பேர், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு சுற்று. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தவர், கல்பனா ஒன்றின் முழு நீளத்தையும் நடந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

நீளம் ஏன் 325 மீட்டரில் நின்றது? ஒல்லியாக நீண்ட ஒரு பொருளை அதன் நீள அச்சில் சுழலவிட்டால் நாளடைவில் தள்ளாடி, குறுக்காகப் புரளத் தொடங்கும். 1958இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 அப்படித்தான் புரண்டது. உள்ளே மூவாயிரம் பேர் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. அதனால் நீளம் ஆரத்தைப் போல 1.3 மடங்குக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள். பழைய வடிவங்களின் அழகைவிட இந்தக் கவனம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

நிலக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உருளையின் உட்பரப்பு சுமார் 51 ஹெக்டேர். ஆளுக்கு 170 சதுர மீட்டர், நாலு சென்ட்டுக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் இருந்த எங்கள் மாவட்டத்தைவிட ஐந்து மடங்கு நெருக்கம்தான். ஆனால் ஒரு வீடு, பின்னால் ஒரு முருங்கை, நாலு வாழை என்று வைக்கலாம். எங்கள் ஊர்ப்பெயர்களில் பாதி ‘விளை’ என்று முடிவது, வீட்டைச் சுற்றி விளைநிலம் வைத்து வாழ்ந்தவர்கள் நாங்கள் என்பதால்தான். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர். பின்னாளில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். விண்ணில் ஓர் ஊர் கட்டும்போது அந்த ‘விளை’யை விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை.

சுழற்சியின் தொந்தரவு? டீ ஆற்றுவதை வைத்துக் கணக்கிட்டேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினால், வளையத்தில் டீ சுமார் 3 சென்டிமீட்டர் விலகி விழும். கல்பனா ஒன்றில் 6. நான்கு சுற்றுச் சுழலும் சிறு உருளையில் 12க்கும் மேல். மூன்று, ஆறு என்றால் கை ஒரே வாரத்தில் பழகிவிடும். பன்னிரண்டு என்பது எந்நேரமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இடர்.

கல்பனா ஒன்றை நான் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் அதை வைக்கும் இடம். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்தியரேகைக்கு நேர் மேலே சுற்றவிடலாம் என்று குளோபஸ் பின்னாளில் வாதிட்டார். அங்கே பூமியின் காந்தப்புலம் விண்கதிர்களைப் பெருமளவு திருப்பிவிடுகிறது. சர்வதேச நிலையம் அடிக்கடி கடக்கும் தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். அந்த நிலையத்தில் ஐந்து நாளில் சேரும் கதிர்வீச்சு, தரையில் உலக சராசரியாக ஓராண்டில் சேரும் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். மணவாளக்குறிச்சியின் கதிர்வீசும் மோனசைட் மணலோடு வாழும் எங்களுக்குக் கதிர்வீச்சு என்பது பாடப்புத்தகச் சொல் மட்டும் அல்ல. கருவுற்ற பெண் வாழும் இடம் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கவசம் குறைந்தால் எடை குறையும், நிலவில் சுரங்கம் தோண்டும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த உயரத்தில் மெல்லிய காற்றின் இழுவையும் விண்குப்பையும் உண்டு என்பதை மறைக்கவில்லை. அவ்வப்போது மேலே தள்ளிவிட என்ஜின் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வரும் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் அந்த வகைக் கலையில் தேர்ந்தவர்கள் பல்லாண்டுகளாக வேலை செய்கிறார்கள்.

அந்தப் பாதையில் அப்படி ஓர் ஊர் சுற்றினால், டெல்லியிலிருந்து அது தெரியாது, அடிவானத்துக்குக் கீழே இருக்கும். எங்கள் கரையில் நின்றால் 101 நிமிடத்துக்கு ஒரு முறை மேற்கே எழும்பி, தெற்கே கடலுக்கு மேல் 24 பாகை உயரத்தில் கடந்து, கிழக்கே இறங்கும். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் வள்ளுவர் சிலைக்குத் தெற்கே பார்த்தால், பிரகாசமான ஒரு விண்மீன் போல மூவாயிரம் பேரின் வீடுகள் நகர்ந்து போகும்.