கடமையைச் செய்ய மறுப்பவரைப் பதவி நீக்கலாமா: ஓர் அரசமைப்பு விளக்கவுரையை வைத்துத் தேடியபோது

பதவியில் இருப்பவர் திறமையற்றவராக இருப்பதும், கடமையைச் செய்யவே மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதானா என்ற கேள்வியோடுதான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கான்ஸ்டிட்யூஷன் அனோடேட்டட்' இணையச் சேவையைத் திறந்தேன். அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்துக்குப் பிரிவுவாரியாக எழுதப்பட்ட இந்த விளக்கவுரை, நெடுங்காலம் தடித்த நூலாக வெளிவந்து, 2019-இல் தனித் தளமாயிற்று. கட்டணம் கிடையாது.

பதவி நீக்கத்துக்கான காரணங்களை இரண்டாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. தேசத்துரோகம், லஞ்சம், 'பிற பெருங்குற்றங்கள், தீய நடத்தைகள்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. கடமை தவறுதல் என்ற சொல் அதில் இல்லை. அது ஏன் என்று விளக்கும் பகுதிதான் இச்சேவையின் ஆகச் சிறந்த பகுதி. 1787 செப்டம்பரில், அரசமைப்பை வரைந்த பிலடெல்ஃபியா மாநாட்டில், அதன் உறுப்பினர் ஜார்ஜ் மேசன் 'நிர்வாகச் சீர்கேடு' என்பதையும் சேர்க்கச் சொன்னார். அவ்வளவு தெளிவற்ற சொல்லைச் சேர்த்தால் மேலவையான செனட்டுக்குப் பிடிக்கும் வரைதான் குடியரசுத் தலைவர் பதவியில் நீடிக்க முடியும் என்று இன்னோர் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் மறுக்கவே, மேசன் இன்றுள்ள சொற்றொடருக்கு மாறினார். இதே மேடிசன்தான் அவ்வாண்டு ஜூலையில், தலைவரின் இயலாமை, அசட்டை, நம்பிக்கைத் துரோகம் ஆகியவற்றிலிருந்து நாட்டைக் காக்க வழி வேண்டும் என்று வாதாடியவர் என்பது வேடிக்கை.

சட்டங்கள் உண்மையாக நிறைவேற்றப்படுவதைக் கவனிப்பது தலைவரின் கடமை என்று கூறும், அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு வேறு பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்ப்பது படிப்பவரின் பொறுப்பு. இணைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: திறமைக்குறைவைத் தேர்தல் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் அவைகள் இயற்றிய சட்டத்தைச் சும்மா இருந்தே செல்லாததாக்குபவர், தமக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறார்.

முன்னுதாரணங்கள் இதற்கு முழுத் துணை நிற்கவில்லை. 1862-இல் நீக்கப்பட்ட டென்னசி நீதிபதி வெஸ்ட் ஹம்ஃப்ரீஸ் மீது நீதிமன்றத்தை நடத்தாமல் விட்ட குற்றச்சாட்டும் இருந்தது. ஆனால் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்ததே அங்கு பெரிய குற்றம். 2024 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளர் அலெஹாண்ட்ரோ மயோர்கஸ் மீது, சட்டத்துக்கு இணங்க வேண்டுமென்றே மறுத்தார் என்ற குற்றச்சாட்டைப் பிரதிநிதிகள் சபை 214-213 என்ற வாக்கில் ஏற்றது. ஏப்ரலில் செனட் அதை அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று 51-48 வாக்கில் தள்ளியது. முழு விசாரணை நடக்காததால், மறுப்புக்கும் கொள்கை வேறுபாட்டுக்கும் இடையே கோடு எங்கே என்பது அப்படியே நிற்கிறது.

இச்சேவை அமெரிக்க எல்லையைத் தாண்டுவதில்லை என்பதால், தென்கொரியாவுக்கு வேறிடத்தில்தான் தேட வேண்டும். 304 உயிர்களைப் பலிகொண்ட 2014 செவோல் கப்பல் விபத்தின்போது குடியரசுத் தலைவர் பாக் குன்-ஹே கடமையைச் சரிவரச் செய்தாரா என்பது நீதிமன்றம் தீர்மானிக்கக்கூடியது அல்ல என்று கூறிய அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், 2017 மார்ச்சில் அவரை வேறு காரணங்களுக்காக நீக்கியது. இரு நீதிபதிகள் மட்டும், அக்கடமையையும் அவர் மீறினார் என்று தனியே எழுதிவைத்தனர்.