ரீஃப் டேங்குக்கு டெஸ்ட் கிட்: ஹன்னாவா, சாலிஃபெர்ட்டா?

புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைப்பவர்கள் கடையில் முதலில் எடுப்பது அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் நான்கையும் சோதிக்கும் கிட் பெட்டியைத்தான். டேங்க் சைக்கிள் ஆகும்வரை, அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியா அதில் நிலைக்கும்வரை, அது வேண்டும், தப்பில்லை. பவளம் உள்ளே போன பிறகு அதில் பாதியைத் திறக்கவே மாட்டீர்கள், பவளத்துக்கு முக்கியமான கேஹெச் டெஸ்டோ அதில் இருக்காது.

என்னைக் கேட்டால் காசை முதலில் போட வேண்டியது கேஹெச்சில், அதாவது அல்கலினிட்டியில் (முக்கியமாகத் தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டும் அளவு). கல் பவளம் வளரும்போது கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்துதான் செலவாகின்றன, ஆனால் கேஹெச் 2.8 டிகிரி இறங்கும் நேரத்தில் கால்சியம் வெறும் 20 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இறங்கியிருக்கும். 8-இல் இருந்தது 5.2 ஆனால் பகீரென்று இருக்கும். 420 கால்சியம் 400 ஆனால் அது நிஜமா, கிட்டின் பிழையா என்றே சொல்ல முடியாது. அதனால் கேஹெச்சை வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது பார்க்க வேண்டும், கால்சியத்தை இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும்.

சாலிஃபெர்ட் கம்பெனியின் கேஹெச் கிட் மலிவு, நம்பகமானது. 4 மில்லி டேங்க் தண்ணீர், இரண்டு சொட்டு இண்டிகேட்டர், அப்புறம் சிரிஞ்சிலிருந்து ரீஏஜென்ட் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் நீலப்பச்சை ஒரு கட்டத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பாகும். டேங்கின் நீல லைட்டுக்கு அடியில் நின்று இதைச் செய்யாதீர்கள், ஜன்னல் பக்கம் போய்ப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள். சிரிஞ்சில் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது முனையில் இருந்த காற்றுதான். அளவைப் பிஸ்டன் விளிம்பில் படியுங்கள்.

ஹன்னா கம்பெனியின் ஹெச்ஐ772 செக்கர் என்ற சின்ன மின்னணு மீட்டரில் நிறம் பார்க்கும் வேலையே இல்லை, 10 மில்லி தண்ணீரில் 1 மில்லி ரீஏஜென்ட், எண் வந்துவிடும். வசதிதான், ஆனால் எண் திரையில் வருகிறது என்பதற்காக அதைத் தெய்வவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் துல்லியமே 0.3 டிகிரியும் ரீடிங்கில் 5 சதவீதமும் கூடவோ குறையவோ என்றுதான் கம்பெனியே சொல்கிறது. நேற்று 8.1, இன்று 8.4 என்று டோசிங் பம்பை (கேஹெச் கரைசலைத் தானாக ஊற்றும் பம்ப்) திருகுகிறவர்கள் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். கேஹெச்சுக்கு மட்டும் என்றால் சாலிஃபெர்ட்டே போதும் என்பேன்.

பாஸ்பேட் கதை வேறு. 0.03 பிபிஎம்முக்கும் 0.1 பிபிஎம்முக்கும் உள்ள வித்தியாசத்தை நிற அட்டையில் கண்டுபிடிப்பது என் கண்ணுக்கு முடியாத காரியம், இங்கே ஹன்னாவின் ஹெச்ஐ774 கொடுத்த காசுக்குத் தகும். தொந்தரவும் உண்டு: பொடிப் பாக்கெட்டை வாய் அகலமாக வெட்டிக் கூம்பாக மடித்துக் கொட்டாவிட்டால் பாதி வெளியே சிந்தும், இரண்டு நிமிடம் மெதுவாகக் குலுக்க வேண்டும், கண்ணாடிக் குப்பியில் ஒரு விரல் ரேகையோ குமிழியோ இருந்தால் எண் ஏறிவிடும். துடைத்துவிட்டு வையுங்கள். பழைய ஹெச்ஐ736 கைக்கு வந்தால் அது காட்டுவது பாஸ்பரஸ், பிபிபி-யில் (நூறு கோடியில் எத்தனை பங்கு), 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம்மில் வரும்.

மக்னீசியம், கால்சியம் இரண்டுக்கும் சாலிஃபெர்ட் வாங்கிப் போட்டுவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். உப்பின் அளவைப் பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டரை மட்டும் வெறும் ஆர்ஓ தண்ணீரில் சரிபார்த்தது போதும் என்று விட்டுவிடாமல் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் பாருங்கள், உப்பு தப்பாக இருந்தால் மற்ற எல்லா எண்ணும் கூடவே தப்பும். தண்ணீரில் உள்ள பல தனிமங்களை ஒரே தடவையில் அளக்கும் ஐசிபி பரிசோதனைக்கு ஜெர்மன் லேப்களுக்குத் தண்ணீர் அனுப்புவது நல்லதுதான், ஆனால் முடிவு வருவதற்குள் டேங்க் மாறியிருக்கும், வருடத்தில் ஓரிரு முறை போதும்.

வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். தள்ளுபடியில் எனக்கு வந்த ஒரு கிட்டில் கடைக்காரர் சரியாக அந்தத் தேதியின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார், உரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.