லைட் போட்டால் இழுக்காத வண்டி: 38,500 ரூபாய் போச்சு

பெங்களூரில் டீசல் பிக்கப் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஓசூரிலிருந்து பெங்களூர் கலாசிபாளையத்துக்குக் காய்கறி ஏற்றுகிறேன். ஓட்டமெல்லாம் ராத்திரியில்தான். மழை பிடித்ததிலிருந்து, ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு அத்திப்பள்ளி தாண்டிப் பாலம் ஏறினால், இன்ஜினில் கோளாறு என்று காட்டும் செக் லைட் எரியும். எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் போகாது. பகலில் ஒரு குறையும் கிடையாது.

ஓசூர் ரோட்டில் ஒரு டீசல் பம்பு ஒர்க்ஷாப்பில் விட்டேன். முதலாளியும் திருப்பத்தூர்ப் பக்கம். "நம்ம ஊர்ப் பிள்ளைகிட்ட நான் காசு பார்ப்பேனா தம்பி?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். "லைட் போட்டாதான்ணே வருது, லைட்டே மங்குது" என்று இரண்டு தடவை சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. ஸ்கேனரில் ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாயில் டீசல் அழுத்தம், குறைவு என்று வந்தது. உடனே அந்த அழுத்தத்தை ஏற்றும் ஹைபிரஷர் பம்பு போச்சு என்றார். இன்சூரன்ஸ் கட்ட வைத்திருந்த 38,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் இல்லை, பழைய பம்பும் தரவில்லை.

அன்று ராத்திரியே அதே பாலத்தில் அதே கதை. போன் செய்தால் "புது பம்பு, செட் ஆகணும்" என்றார். இரண்டு நாள் கழித்து "டீசல்ல தண்ணி இருக்கும்". அப்புறம் "வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிட்டான்". இப்போது போனையே எடுப்பதில்லை. நேரில் போனால் "மீட்டிங்ல இருக்கார்" என்கிறார்கள். ஒர்க்ஷாப்பில் என்ன மீட்டிங்?

நேற்று கலாசிபாளையத்தில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர், டேங்கிலிருந்து டீசலைத் தள்ளும் சின்ன ஃபீட் பம்பின் ஒயரில் மீட்டர் வைத்தார். எல்லாம் ஆஃப் செய்திருந்தபோது 13.6 வோல்ட். லைட், வைப்பர், புளோயர் போட்டதும் 10.7. பேட்டரியிலோ 13.8 அப்படியே நின்றது. லைட்டுகளுக்கும் பம்புக்கும் சேஸியில் ஒரே எர்த் போல்ட், கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழி அதுதான், அது துருப்பிடித்துக் கிடந்தது. லைட்டின் கரண்டு எல்லாம் அந்தத் துரு வழியாகப் போகும்போது வோல்ட் அங்கேயே விழுந்துவிடுகிறது. பம்பு மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, ஹைபிரஷர் பம்புக்குப் போதுமான டீசல் வருவதில்லை, ரெயில் பிரஷர் ஏறுவதில்லை. உடனே வண்டியின் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடுகிறது. ஸ்கேனர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பிரஷர் ஏன் குறைந்தது என்று அது சொல்லாது, அதைத் தேட வேண்டியது மெக்கானிக்.

போல்ட்டைச் சுரண்டி, பம்புக்குத் தனி எர்த்தும் ரிலேயும் போட்டுக் கொடுத்தார். 650 ரூபாய். ராத்திரி முழு லோடோடு பாலம் ஏறினேன், ஒரு திணறல் இல்லை. 650 ரூபாய் வேலைக்கு 38,500 ரூபாய்!

லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைட் போட்டால் மட்டும் இழுவை குறைந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு, ஃபீட் பம்பு முனையிலேயே வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். பில்லும் பழைய பாகமும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். நாளைக் காலை மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன், என் பழைய பம்பைக் கேட்க.